புறம்போக்கு நிலமா புலவன் பாட்டு?

தமிழில் எழுதப்பட்டவை யாவும் தமிழர் அனைவர்க்கும் பொது என்னும் கருத்து மலேசியத் தமிழ்ப் பள்ளிகளிலும் மன்றங்களிலும் நெடுங்காலமாக வேரோடி நிற்கின்றது. கேட்பதற்கு இனிய கருத்து. தன்னலம் அற்றது போலவும் மொழிப்பற்று நிறைந்தது போலவும் தோன்றும் கருத்து. சற்றே உரசிப் பார்த்தால் அது பொன் அன்று என்பது விளங்கும். உழைத்தவன் ஒருவன் இருக்க, அவனைக் கேளாமல் அவன் விளைவை அள்ளிக்கொள்ளும் பழக்கத்திற்குப் போர்த்திய பட்டாடையே அது.

பள்ளி ஆண்டு மலர் எதனையேனும் புரட்டிப் பார்க்கலாம். அழகிய கவிதை ஒன்று இருக்கும். அடியில் "படித்ததில் பிடித்தது" என்று இருக்கும். சிறுவர் கதை ஒன்று இருக்கும். அதனை அனுப்பிய மாணவரின் பெயரும் வகுப்பும் இருக்கும். எழுதியவரின் பெயர் இராது. போட்டிக்கென அச்சிட்ட செய்யுள் தொகுப்பில் உயிரோடு இருக்கும் கவிஞரின் பாடல், இரண்டு அடிகள் குறைக்கப்பட்டு, ஒரு சொல் மாற்றப்பட்டு, "யாரோ" என்ற முத்திரையோடு நிற்கும். அந்தக் கவிஞர் அடுத்த ஊரிலேயே இருக்கலாம். அதே போட்டிக்கு நடுவராக அழைக்கப்பட்டிருக்கவும் கூடும்!

நிலத்தில் புறம்போக்கு என்று ஒன்று உண்டு. தனியொருவர் பெயரில் பட்டா இல்லாத நிலம் அது. ஆயினும் வேலி இல்லாத நிலமெல்லாம் புறம்போக்கு ஆகிவிடாது. பட்டாவைப் பார்த்த பின்னரே நிலத்தின் நிலை தெரியும். இலக்கியத்திற்கும் அதுவே முறை. ஒரு படைப்பு பொதுச்சொத்தா, அன்றா என்பது மனம் போன போக்கில் முடிவு செய்வதற்கு உரியதன்று; ஆராய்ந்து அறிதற்கு உரியது. ஆராயும் வழியும் கடினமானதன்று. யாப்பிலக்கணம் கற்பிக்க வல்ல ஆசிரியர்க்கு அரை மணி நேரத்தில் கைவரும் வழி. அதனை அறியாமலே ஒரு தலைமுறை ஆசிரியர் ஓய்வு பெற்றுச் செல்வதும், அடுத்த தலைமுறை அதே அறியாமையோடு வகுப்பறைக்குள் நுழைவதும் வருந்தத்தக்கன.

காலம் வகுத்த எல்லை

எழுதியவனுக்கு அவன் எழுத்தின்மீது உரிமை உண்டு, அவ்வுரிமை முடிவற்றதன்று. இவ்விரண்டு உண்மைகளின்மேல்தான் பதிப்புரிமைச் சட்டம் நிற்கின்றது. முதலாவது உண்மை எழுத்தாளனைக் காக்கின்றது. இரண்டாவது உண்மை சமுதாயத்தைக் காக்கின்றது. ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றொன்றைக் கைவிடுவோர் இரு சாராரும் தவறுடையோரே.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எழுத்தாளரின் வாழ்நாள் முழுமையும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும் என்கின்றது. அந்த 50 ஆண்டுகளும் மறைந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. மறைந்த ஆண்டை அடுத்து வரும் சனவரி முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 50 ஆண்டுகள் என்றே வகுத்திருந்தது. இரவீந்திரநாத தாகூர் 1941இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை 1991இல் முடியும் நிலையில் காலத்தை நீட்டுமாறு குரல் எழுந்தது. 1992இல் அது 60 ஆண்டுகள் ஆயிற்று. சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் 50 ஆண்டுகளே இருந்தன. அமெரிக்காவுடன் செய்துகொண்ட வாணிக உடன்பாட்டை ஒட்டி 2004இல் 70 ஆண்டுகள் ஆயின. 2021ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அந்த 70 ஆண்டுகளையே கொண்டுள்ளது.

ஆகவே ஒரே நூல் ஒரே நாளில் சொகூரில் பொதுச்சொத்தாகவும், சென்னையில் உரிமை உள்ளதாகவும் இருத்தல் கூடும். வியப்பாகத் தோன்றினும் உண்மை இதுவே. டாக்டர் மு. வரதராசனார் 1974இல் மறைந்தார். மலேசியாவின் 50 ஆண்டுக் கணக்கு 2024ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்தது. இந்தியாவின் 60 ஆண்டுக் கணக்கு 2034இல் முடியும். சிங்கப்பூரின் 70 ஆண்டுக் கணக்கோ 2044 வரை ஓடும். "மு.வ. நூல்கள் பொதுச்சொத்தா?" என்று ஒருவர் வினவினால், "எந்த நாட்டில் அச்சிட, எந்த நாட்டில் விற்க?" என்ற எதிர்வினாவே அதற்குரிய முதல் விடையாகும். கோலாலம்பூரில் அச்சிட்டுச் சிங்கப்பூரில் விற்க விரும்புவோர் இரு நாட்டுச் சட்டங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிலர் நூல் வெளிவந்த ஆண்டைப் பார்த்து, "பழைய நூல், ஆகவே பொது" என்று முடிவு கட்டுவர். அதுவும் பிழையே. மலேசியத் தமிழ் நாவல்களுள் முன்னோடியாகப் போற்றப்படும் வெங்கடரத்தினத்தின் "கருணாசாகரன்" 1917இல் வெளிவந்தது. அந்த ஆண்டு மட்டும் உரிமைநிலையைச் சொல்லிவிடாது. எழுதியவர் மறைந்த ஆண்டே கணக்கின் தொடக்கம். இளமையில் ஒரு நூலை எழுதிய ஒருவர் மேலும் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தால், அந்நூலின் உரிமை நூற்றாண்டையும் கடந்து நிற்கும். பெயர் தெரியாத ஆசிரியரின் படைப்புக்கும், புனைபெயருக்குப் பின் மறைந்து நிற்கும் ஆசிரியரின் படைப்புக்கும் மட்டுமே மலேசியச் சட்டம் வெளிவந்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகளை எண்ணுகின்றது. அப்புனைபெயர்க்கு உரியவர் யார் என்பது அக்காலத்திற்குள் வெளிப்பட்டுவிட்டால் மீண்டும் வாழ்நாள் கணக்கே செல்லும். புனைபெயர்கள் மலிந்த மலேசியத் தமிழ் இதழியலில் இந்த விதியை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சாக்குப்போக்குகள்

உரிமையை மதியாமல் எடுத்தாள்வோர் கூறும் காரணங்கள் சில உண்டு. அவை அனைத்தும் மெலிந்த காரணங்களே. ஒவ்வொன்றாக நோக்குவது தகும்.

"எல்லாரும் பாடுகின்றனர், ஆகவே பொது" என்பது முதற் காரணம். தமிழகத்தின் தமிழ்த்தாய் வாழ்த்து, பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் உள்ளது. அவர் 1897இல் மறைந்தார். எந்த நாட்டின் கணக்கிலும் அது பொதுச்சொத்து. மலேசியத் தமிழ் நிகழ்ச்சிகளில் ஒலிக்கும் தமிழ் வாழ்த்தோ இறையருட் கவிஞர் செ. சீனி நைனா முகம்மது இயற்றியது. அவர் மறைந்தது 2014இல். மலேசியச் சட்டப்படி அதன் உரிமை 2064ஆம் ஆண்டின் இறுதி வரை உண்டு. இரண்டும் வாழ்த்தே, இரண்டும் எல்லாரும் எழுந்து நின்று பாடுவனவே, எனினும் ஒன்று பொது, மற்றொன்று உரிமை உள்ளது. பாடும் வாய்களின் எண்ணிக்கை உரிமையைக் கரைப்பதில்லை. ஒரு பாடலை ஆயிரம் பேர் நெஞ்சாரப் பாடுகின்றனர் என்றால், அதன் ஆசிரியர் பெயரை அறிய வேண்டியோரும் ஆயிரம் பேர் என்பதே பொருள்.

"அந்த இதழ் நின்றுவிட்டது, பதிப்பகம் மூடிவிட்டது, யாரைக் கேட்பது?" என்பது இரண்டாம் காரணம். 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. அவ்விதழின் ஞாயிறு பதிப்புகளில் தலைமுறை தலைமுறையாக எழுதியோர் பலர். இதழ் மறைந்ததனால் அவர்களின் கதைகளும் கவிதைகளும் கேட்பாரற்ற பொருளாகிவிட்டனவா? கடை மூடப்பட்டால் கடைக்குப் பொருள் தந்தவனின் தோட்டமும் மூடப்பட்டதாகுமா? எழுதியவர் இருக்கின்றார், இல்லையேல் அவர் மனைவியோ மக்களோ இருக்கின்றனர். மலேசியத் தமிழ் எழுத்துலகம் பெருங்கடல் அன்று. இரண்டு தொலைபேசி அழைப்புகளில் ஓர் எழுத்தாளரின் இல்லத்தை எட்டிவிடலாம். அந்த இரண்டு அழைப்புகளுக்கும் சோம்பிக்கொண்டு "யாரோ" என்று அச்சிடுவது அறியாமை ஆகாது, அசட்டையே ஆகும்.

"உரிமை ஆசிரியருக்கே என்று நூலில் அச்சிடவில்லை, பதிவும் செய்யவில்லை" என்பது மூன்றாம் காரணம். பதிப்புரிமை பதிவினால் பிறப்பதன்று. எழுதி முடித்த அளவில் பிறப்பது. பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படைக் கொள்கை இது. அவ்வுடன்படிக்கையில் மலேசியா 1990இல் சேர்ந்தது. மலேசிய அறிவுசார் சொத்து நிறுவனத்தில் விரும்பினோர் தம் படைப்பை அறிவிக்கலாம். அறிவியாதோர் உரிமை இழப்பதில்லை. குழந்தைக்குப் பிறப்புச் சான்று எடுக்கவில்லை என்பதற்காக அக்குழந்தைக்குப் பெற்றோர் இல்லை என்று எவரும் சொல்வதில்லை.

"இணையத்தில் கிடைத்தது, புலனக் குழுவில் வந்தது" என்பது நான்காம் காரணம். இக்காலத்தில் மிகுதியாக ஒலிப்பது இதுவே. கிடைத்தல் வேறு, உரிமை வேறு. சாலையில் கிடந்த பணப்பையை எடுத்து வைத்துக்கொள்ளாதே என்று நன்னெறிப் பாடத்தில் கற்பிக்கும் ஆசிரியர், திரையில் கிடந்த கவிதையை எடுத்துப் பள்ளி மலரில் வைத்துக்கொள்வது எந்நெறியில் அடங்கும்? புலனத்தில் பத்துக் கைகள் மாறிய கவிதையில் பெரும்பாலும் முதலில் உதிர்வது எழுதியவரின் பெயரே.

"கல்விக்காகச் செய்கின்றோம், காசுக்காக அன்று" என்பது ஐந்தாம் காரணம். இதில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. கற்பித்தல், தேர்வு வினா அமைத்தல், ஆய்வு, திறனாய்வு ஆகியவற்றிற்கு மலேசியச் சட்டம் இடம் தந்தே இருக்கின்றது. ஆயின் அந்த இடம் நேர்மையான அளவுக்கு உட்பட்டது. கற்பித்தலில் எடுத்தாளும்போதும் ஆசிரியர் பெயரையும் நூலையும் குறிப்பிடுமாறு சட்டம் கேட்கின்றது. வகுப்பில் ஒரு கவிதையைக் கரும்பலகையில் எழுதி விளக்கும் ஆசிரியரைத் தடுப்பார் எவரும் இலர். ஒரு சிறுகதைத் தொகுதியை முழுமையாகப் படியெடுத்து, அட்டை போட்டு, மாணவரிடம் விலை பெறுவது அந்த இடத்திற்குள் அடங்காது. விருந்தினர்க்குத் திண்ணையில் இடம் தந்தால், அவர் வீட்டையே விற்றுவிடலாம் என்பது பொருளன்று.

நாட்டுடைமை என்னும் மயக்கம்

தமிழாசிரியர் பலர்க்கும் உள்ள மற்றொரு மயக்கம் நாட்டுடைமை பற்றியது. புகழ்பெற்ற தமிழக எழுத்தாளர் அனைவரின் நூல்களும் நாட்டுடைமை ஆகிவிட்டன என்றே அவர்கள் எண்ணுகின்றனர். நாட்டுடைமையாவது, தமிழக அரசு எழுத்தாளரின் குடும்பத்தினர்க்குப் பரிவுத் தொகை அளித்து, உரிமையைப் பெற்று, அதனை மக்கள் அனைவர்க்கும் திறந்துவிடுவது. காலம் முடிந்து தானே உதிரும் உரிமை வேறு. காலம் முடியும் முன்னர் கைமாறிப் பொதுவாகும் உரிமை வேறு.

இதற்கு வழிகாட்டியது பாரதியார் நூல்களின் வரலாறு. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதனைத் திருடிக்கொள்ளவில்லை. சட்டப்படி விலை கொடுத்து வாங்கியிருந்தார். ஆயினும் மக்கள் கவிஞனின் பாட்டு ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் இருப்பதா என்று எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தெழுந்தனர். மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். குடும்பத்தினர்க்குத் தொகை அளிக்கப்பட்டது. 1949இல் உரிமை அரசின் கைக்கு வந்தது. பின்னர் மக்கள் அனைவர்க்கும் உரியதாக விடப்பட்டது. பாரதியைப் பொதுவாக்கக் கிளர்ந்தோர் கேட்டுப் பெற்றனர், பறித்துக்கொள்ளவில்லை. இன்று பாரதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு பிறர் எழுத்தைப் பறிப்போர் இந்த வரலாற்றின் பாதியை மட்டுமே படித்தவர்கள்.

பாரதிதாசன், கல்கி முதலிய பலரின் நூல்கள் பின்னர் நாட்டுடைமை ஆயின. எல்லாருடைய நூல்களும் ஆகவில்லை. 2009இல் தமிழக அரசு அறிவித்த பட்டியலில் இருந்த கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் குடும்பத்தினர் அதற்கு இசையவில்லை. அவ்வாறு மறுப்பதும் அவர்தம் உரிமையே. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். மலேசியக் கணக்கில் அவர் கவிதைகளின் உரிமை 2031ஆம் ஆண்டின் இறுதியிலும், இந்தியக் கணக்கில் 2041ஆம் ஆண்டின் இறுதியிலும் முடியும். மலேசிய இரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வைத்து "பால்மரக் காட்டினிலே" எழுதிய அகிலன் 1988இல் மறைந்தார். தோட்டப்புறத்தின் கதை என்பதனால் அது தோட்டப்புறத்தாரின் சொத்தாகிவிடாது. மலேசியாவிலும் 2038ஆம் ஆண்டின் இறுதி வரை அதற்கு உரிமை உண்டு.

ஒரு நூலுக்குள் பல உரிமை

நூல் என்பது ஒரே கல்லால் ஆனதன்று. பலர் அடுக்கிய சுவர். எந்தக் கல் பொது, எந்தக் கல் தனியுரிமை என்று பிரித்தறிவதே அறிவு.

திருக்குறள் எவருடைய தனிச்சொத்தும் அன்று. பரிமேலழகர் உரையும் அவ்வாறே. ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும், அவர் 1908இல் மறைந்தமையால், பொதுச்சொத்தே. ஆனால் நேற்று எழுதப்பட்ட தெளிவுரையும், வாழும் அறிஞரின் மலாய் மொழிபெயர்ப்பும் பொதுச்சொத்து அல்ல. மு.வ. அவர்களின் திருக்குறள் தெளிவுரை, பள்ளிப் பயிற்சித் தாள்களில் பெயர் குறிப்பிடாமல் படியெடுக்கப்படும் உரைகளுள் தலையாயது. மலேசியாவில் அதன் காலம் 2024ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்ததனால் 2025 முதல் அதனைத் தடையின்றி அச்சிடலாம். ஆயின் அதற்கு முன்னர், இத்தனை ஆண்டுகளாக, "திருக்குறள் பொது, ஆகவே அதன் பொருளும் பொது" என்று எண்ணி அச்சிட்டோர் எத்தனை பேர்! குறள் வள்ளுவருடையது, பொருளுரைத்த தமிழ் நடையோ மு.வ. உடையது. இந்த வேறுபாட்டைத் தமிழாசிரியரே உணராவிடின் வேறு யார் உணர்வார்?

கல்கியின் பொன்னியின் செல்வன் நாட்டுடைமை. அக்கதைக்கு முதன்முதல் உருவம் தந்த ஓவியர் மணியத்தின் ஓவியங்கள் அந்த நாட்டுடைமையில் அடங்கா. மணியம் 1968இல் மறைந்தார். மலேசியாவின் 50 ஆண்டுகள் 2018இல் முடிந்தன. இந்தியாவின் 60 ஆண்டுகள் முடிவது 2028இல். எழுத்தைப் பெற்றவர் ஓவியத்தையும் பெற்றவர் ஆகார்.

நாட்டுப்புறப் பாடலின் நிலையும் இத்தகையதே. பால்மரத்தடியில் பிறந்த தாலாட்டையும் தெம்மாங்கையும் முதலில் பாடிய தாயின் பெயர் எவர்க்கும் தெரியாது. அவை மக்களின் சொத்து. ஆனால் தோட்டம் தோட்டமாக அலைந்து, முதியோர் வாய்மொழியைக் கேட்டு எழுதி, வகைப்படுத்தி, குறிப்புரை சேர்த்து ஒருவர் ஆக்கிய தொகுப்பு அவர் உழைப்பு. தனிப் பாடலைப் பாடலாம். தொகுப்பை அப்படியே தூக்கிக்கொள்ளுதல் ஆகாது. திரைப்பாடலில் இந்த அடுக்கு இன்னும் மிகுதி: சொல் ஒருவருடையது, இசை ஒருவருடையது, ஒலிப்பதிவு மற்றொருவருடையது.

வேலி போடுவோர்

பிறர் சொத்தைப் பொது என்போர் ஒருபுறம் இருக்க, பொதுச் சொத்துக்கு வேலி போடுவோர் மறுபுறம் உளர். அவர்களையும் கண்டித்தே ஆகவேண்டும்.

சிலப்பதிகாரத்தின் மூலத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு, "இந்நூலின் எப்பகுதியையும் அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது" என்று முதற்பக்கத்தில் எழுதும் பதிப்பகங்கள் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டுப் பதிப்பித்தார். அவர் 1942இல் மறைந்தார்; அவர்தம் உரைகுறிப்புகளின் காலமும் மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் கணக்கிலும் முடிந்துவிட்டது. ஐயரே பொதுவான பின்னர், அவர் பதிப்பைப் பார்த்து எழுத்துக் கோத்தோர் இளங்கோவடிகளுக்கு உரிமை கொண்டாடுவது எங்ஙனம்? தாம் எழுதிய முன்னுரைக்கு உரிமை கோரலாம். தாம் வரைந்த உரைக்குக் கோரலாம். காப்பியத்திற்குக் கோருதல், காவிரிக்குக் கட்டணம் கேட்பதை ஒக்கும்.

அச்சிட்ட உரிமை வாசகம் சான்று ஆகாது என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. குழந்தைகள் பாடும் ஆங்கிலப் பிறந்தநாள் வாழ்த்தின் மெட்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஹில் சகோதரியர் 1893இல் வெளியிட்ட பள்ளிப் பாடல் நூலிலிருந்து வந்தது. அவ்வாழ்த்துக்கு உரிமை கொண்டாடிய வார்னர் சாப்பல் இசை நிறுவனம், திரைப்படத்திலும் மேடையிலும் அதனைப் பயன்படுத்தியோரிடம் பல்லாண்டுகள் கட்டணம் பெற்றது. இறுதியில் சிலர் நீதிமன்றம் சென்றனர். அந்நிறுவனத்திற்கு அப்பாடலின் சொற்கள்மேல் செல்லத்தக்க உரிமை இல்லை என 2015இல் நீதிபதி தீர்ப்புரைத்தார். 2016இல் 1 கோடியே 40 இலட்சம் டாலர் திருப்பித் தரும் உடன்பாடு ஏற்பட்டது. ஆராயாமல் அஞ்சியோர் அனைவரும் கட்டணம் செலுத்தினர். ஆராய்ந்து பார்த்தவர் கையில் பாடல் பொதுச்சொத்தாக விளங்கிற்று.

இத்தகைய அச்சத்தினால் விளையும் இழப்பு தமிழர்க்கும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி 1887இல் சிங்கப்பூரில் அச்சேறியது. அதே ஆண்டில் மகுதூம் சாயபு சிங்கைநேசன் இதழைத் தொடங்கினார். இம்மண்ணின் தமிழ் எழுத்துக்கு வேர் போன்ற இத்தகைய படைப்புகளை மாணவர் கையில் தருவதற்கு இன்று எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. எனினும் அவை நூலக அலமாரிகளில் உறங்குகின்றன. உரிமை உள்ளதை அஞ்சாமல் எடுத்துக்கொள்வதும், உரிமை முடிந்ததை அஞ்சித் தொடாமல் விடுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள்!

ஐந்து வினாக்கள்

மாணவர்க்கு ஆசிரியர் கற்பிக்க வேண்டிய முறை இதுவே. ஒரு படைப்பைக் கையில் எடுத்தவுடன் ஐந்து வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது: இதனை ஆக்கியவர் யார்? மூலத்தை எழுதியவர், உரை எழுதியவர், மொழிபெயர்த்தவர், படம் வரைந்தவர் எனத் தனித்தனியே பிரித்துக் கேட்டல் வேண்டும். இரண்டாவது: அவர் எந்த ஆண்டில் மறைந்தார்? இருவர் சேர்ந்து எழுதியிருப்பின், பின்னர் மறைந்தவரின் ஆண்டே கணக்கு. மூன்றாவது: இதனை எந்த நாட்டில் அச்சிட்டு, எந்த நாட்டில் பரப்பப் போகின்றோம்? மலேசியாவிற்கு 50, இந்தியாவிற்கு 60, சிங்கப்பூருக்கு 70 என்பதை வாய்பாடு போல் மனப்பாடம் செய்தல் நன்று. நான்காவது: அவர் வாழ்ந்த காலத்திலேயே இது வெளிவந்ததா? கையெழுத்துப்படியாகக் கிடந்து அவர் மறைவிற்குப் பின் அச்சேறிய நூலுக்கு, அச்சேறிய ஆண்டிலிருந்தே மலேசியாவும் இந்தியாவும் காலத்தை எண்ணுகின்றன. ஐந்தாவது: உரிமையுடையோர் தாமே இதனைப் பொதுவாக்கியுள்ளனரா? நாட்டுடைமை இதில் அடங்கும்.

இவ்வைந்து வினாக்களுக்கும் விடை கிடைத்தால் முடிவும் கிடைக்கும். விடை கிடைக்கவில்லை என்றால், பொதுச்சொத்து என்று கொள்ளாமல், இசைவு கேட்பதே நேர்மை. கேட்டால் மறுக்கும் மலேசிய எழுத்தாளர் அரியர். தம் கதை ஒரு பள்ளிப் பிள்ளையின் கையில் இருக்கும் என்றால் பெரும்பாலோர் மகிழ்ந்தே இசைவர். அவர் வேண்டுவது பெரும்பாலும் பணம் அன்று. கேட்டார்கள் என்னும் மதிப்பே.

ஆக்கியோன் பெயர்

இனி, உரிமைக் காலம் முடிந்த பின்னும் முடியாத கடமை ஒன்று உண்டு. அது பெயர் சொல்லும் கடமை. ஆசிரியர் பெயரைச் சொல்வதும் படைப்பைச் சிதைக்காமல் வைப்பதும் சட்டம் வகுத்த நெறிகளாக இருக்கின்றன. ஆயின் தமிழர்க்கு இதனைச் சட்டம் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. நன்னூலார் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து முதலில் வைத்தது ஆக்கியோன் பெயரையே. நூற்பெயர்கூட அதற்குப் பின்னரே வருகின்றது.

அதனினும் மேலான சான்று சங்கத் தொகை நூல்களில் உள்ளது. பாடல் கிடைத்தது, பாடியவரின் பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தோர் என்ன செய்தனர்? "யாரோ" என்று எழுதினார்களா? இல்லை. அப்பாடலிலேயே சிறந்து விளங்கிய ஒரு தொடரை எடுத்து, அதனையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவை. பெயர் தெரியாத புலவனைக்கூடப் பெயரின்றி விட மனம் ஒப்பாதவர் அம்முன்னோர். தொகுத்தவரையும் அவர்கள் மறக்கவில்லை; ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்ற செய்தி இன்றும் நிற்கின்றது. அம்மரபில் வந்தோர், பெயர் தெரிந்த கவிஞரின் பெயரை இடம் போதவில்லை என்று வெட்டி எறிவது எத்துணை இழிவு!

பள்ளி மலரில் ஒரு வரி குறைந்தால் என்ன கேடு என்று கேட்பாரும் உண்டு. மலேசியாவில் தமிழ் எழுத்தினால் வயிறு வளர்த்தவர் மிகச் சிலர். நூல் அச்சிடக் கைப்பொருளைச் செலவழித்து, அச்சிட்ட நூலைத் தோளில் சுமந்து விற்றவரே பலர். அவர்களுக்கு எஞ்சியது ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயரையும் பள்ளிக்கூடமே அழித்துவிட்டால், எழுத வேண்டும் என்று எண்ணும் ஒரு மாணவன் அதிலிருந்து கற்றுக்கொள்வது யாது? எழுதியவன் நினைக்கப்படுவதில்லை என்பதையே அவன் கற்றுக்கொள்வான். அதனைக் கற்ற மாணவன் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். வருங்கால எழுத்தாளன் ஒருவன் வகுப்பறையிலேயே அவிந்துபோவான்.

ஆகவே தமிழாசிரியர்கள் இன்றே ஒரு நெறியை மேற்கொள்ளுதல் வேண்டும். பள்ளியில் அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் ஆக்கியோன் பெயர் இடம்பெறுக! பொதுச்சொத்து எனின் அதற்குரிய ஆண்டுக் கணக்கை மாணவரே எண்ணிச் சொல்லப் பழகுக! பொதுச்சொத்து அன்று எனின் ஓர் இசைவுக் கடிதம் எழுதும் பயிற்சியை அதே மாணவர்க்குத் தருக! கடிதம் எழுதும் பாடம் தமிழ்மொழிப் பாடத்தில் இருக்கவே இருக்கின்றது. இல்லாத மாமாவுக்கு எழுதும் கடிதத்தைவிட, இருக்கும் எழுத்தாளருக்கு எழுதும் கடிதம் மேலன்றோ! புறம்போக்கு எது, பட்டா நிலம் எது என்று அறிந்து நடப்பவனே நல்ல உழவன். பொது எது, பிறர்க்கு உரியது எது என்று அறிந்து கற்பிப்பவரே நல்லாசிரியர்.